நடுவில் கை கொடுக்கக் கூடாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையின் கரு என் தலையில் உதித்தது இல்லை. ஒரு மருத்துவமனையின் தரைத்தளத்தில், நீளமான பயிற்சிக் கூடத்தில், ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் சொன்ன பதில் அது. நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு.

கேட்டவர் பிசியோதெரபி டாக்டர். பதில் சொன்னவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பு அந்த டாக்டர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். உங்கள் இலக்கு என்ன? எதைச் செய்ய முடிந்துவிட்டால் உங்களுக்குத் திருப்தி? எங்களுக்கு முன்னால் இருந்தவர் கார் ஓட்ட வேண்டும் என்றார். ஒரு அம்மாள் மகளுக்குத் தன் கையாலேயே தலை பின்னிவிட வேண்டும் என்றார்.

அத்தான் வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி புரியவில்லையோ என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் சொல்லிவிட்டார்.

"காலைல அவளுக்கு ஒரு கப் டீ கொண்டுபோய்க் குடுக்கணும். இந்தக் கையால. கப் நிறைய."

டாக்டர் சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டார். நான்தான் மனதுக்குள் 'இவ்வளவுதானா' என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது, அவரைக் கேட்காமலேயே அவருடைய இலக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன்.

2

அப்போது எழுதிய தொடக்கம் இது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்:

'வானத்தைத் தொடும் அந்தக் கட்டடத்தின் உச்சியில், மேகங்களை முகத்தில் பூசிக்கொண்ட கண்ணாடிகளை அண்ணாந்து பார்த்தான் அவன். மீண்டும் ஒருநாள் அங்கே ஏறுவேன் என்று அவன் நெஞ்சு'

நெஞ்சு என்ன செய்தது என்று தெரியவில்லை. விம்மியது என்று எழுதி அடித்தேன். சூளுரைத்தது என்று எழுதி அதையும் அடித்தேன். பிறகு எழுந்துபோய்த் துணி காயப்போட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

'முயற்சி உடையார் இகழ்ச்சி அடையார் என்பார்கள். நம் கதாநாயகனும்'

இது பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு. அடுத்த வரியில் தலைமையாசிரியருக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

(இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஆரம்ப சூரத்தனத்துக்குப் பேர் போனவள். முதல் பக்கம் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. என் மேசை இழுப்பறையில் கதாபாத்திரங்கள் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார்கள். உள்ளே இருந்து யாரும் வந்து திறப்பதில்லை. இந்த ஒரு கதையையாவது முடித்துவிட வேண்டும் என்பது என்னுடைய இலக்கு. டாக்டர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.)

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் அத்தான். வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பார். இப்போது இடது கை விரல். மேகம் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது யாரு?"

நீங்கள்தான் என்றேன்.

"நான் ஏன் மேகத்தப் பாத்துட்டு நிக்கறேன்? மேகத்தப் பாத்துட்டு நின்னா எவன் கண்ணாடி மாட்டறது?" பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார். "டீ எங்க?"

டீ கொஞ்சம் சின்ன விஷயமாக இருக்கிறது, வாசகர்கள் பெரிதாக ஏதாவது எதிர்பார்ப்பார்கள் என்று மென்று முழுங்கினேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும், காது சிவக்கும்.

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசப்பட்ட கதைய எல்லாரும் எழுதிட்டாங்க எழுத்தாளரம்மா. இந்த முடவன் கேட்டது ஒரு கப் டீ. முடிஞ்சா அத எழுது, இல்லன்னா விட்டுடு."

ஆகவே இப்போது நீங்கள் படிப்பது டீயைப் பற்றிய கதை.*

* தேநீர் என்று எழுதிப் பார்த்தேன். எழுதும்போதே ஆறிவிடுகிறது. ஆகவே டீ.

3

ஆட்களைச் சரியாக அறிமுகப்படுத்தாமல் கதையை ஓட்டுகிறேன் என்று நீங்கள் நினைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் கண்ணாடி பொருத்துபவர். கடை முகப்பு, அலுவலகத் தடுப்பு, உயரமான ஜன்னல் என்று வாழ்நாள் முழுக்க ஆள் உயரக் கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அந்த வேலையில் சில பழக்கங்கள் உண்டு. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது 'கண்ணாடி' என்று குரல் கொடுப்பார்கள். கத்த மாட்டார்கள், சாதாரணமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் சுற்றியிருப்பவர்கள் வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். முக்கியமான பழக்கம் இன்னொன்று: எவ்வளவு தடுமாறினாலும் நடுவில் புகுந்து யாரும் கை கொடுக்கக் கூடாது. தூக்கியவருக்குத்தான் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். புதிதாக ஒரு கை வந்து பட்டால் அந்தக் கணக்கு குலைந்து கண்ணாடி போய்விடும். தூக்கினவர்தான் இறக்க வேண்டும் என்பார் அத்தான்.

பக்கவாதம் வந்த அன்றும் அவர் கையில் கண்ணாடி இருந்தது. கை மரத்துப்போவது தெரிந்ததும் அதைச் சுவரில் சாய்த்து, அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாராம். கூட வேலை செய்தவர்கள் வந்து பார்த்தபோது கண்ணாடியில் ஒரு கீறல் கூட இல்லை. அவரைச் சட்டென்று வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிய அந்த மனிதர்களுக்கு, இந்தக் கதையில் அவர்களுக்கு வேறு வேலை இல்லாவிட்டாலும், இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஓடியதால்தான் எனக்குக் கதை எழுத ஆள் இருக்கிறார்.

அக்கா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து, மறுபடி சீட்டைப் பார்த்துக் கொடுக்கிற வேலை. என்ன தவறு நடக்கக்கூடும் என்று நாள் முழுக்க யோசிக்கிறவள், வீட்டுக்கு வந்ததும் அந்த யோசனையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடிவதில்லை.

எங்கள் வீட்டில் அவள்தான் மூத்தவள். அம்மா சீக்காளி. ஆகவே அக்கா சின்ன வயதிலேயே எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். டீ போட்டு, ஆற்றி, எங்கள் ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பிக் கையில் கொடுப்பாள். கடைக்குட்டியான எனக்கு மட்டும் ஊதியும் கொடுப்பாள். அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தோன்றாது.

கல்யாணமான புதிதில் பேச்சுவாக்கில் இதை அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு யாரும் படுக்கையில் டீ கொண்டுவந்து கொடுத்ததே இல்லை என்று. மறுநாள் காலையில் அவர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மறுநாளும். அதன் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர ஒருநாளும் அது நின்றதில்லை. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு "சக்கர கம்மி" என்பாள். அவர் "நாளைக்குப் போட்டுடலாம்" என்பார். மறுநாளும் சர்க்கரை கம்மியாகத்தான் இருக்கும், அவளும் அதையேதான் சொல்வாள். அவர்கள் வீட்டில் தங்கும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டேதான் நான் கண் விழித்திருக்கிறேன்.

இப்போது அவர் கேட்டது ஏன் டீ என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் சில நாள் பிடித்தது.

4

இந்தக் கதையில் எனக்குச் சரியாகப் பிடிபடாத பாத்திரம் அக்காதான். முதல் வரைவில் அவளைப் பொறுமையின் சின்னமாக ஆக்கியிருந்தேன். 'அவள் கண்களில் கருணை' என்று ஒரு வாக்கியம் பாதியில் கிடக்கிறது. அக்காவின் கண்களில் அந்த மாதங்களில் கருணை இல்லை, தூக்கம்தான் இருந்தது.

பிரச்சினை இதுதான். அவளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால் அவள் படுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் எழுந்து தனியாக நடந்து விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவள் அவருக்கு முன்னால் எழுந்துவிடுவாள். எழுந்து டீயையும் போட்டுவிடுவாள். மறுநாள் அவர் இன்னும் சீக்கிரம் எழுந்தார். கட்டில் கிறீச்சென்றதும் அவளும் எழுந்துவிட்டாள். அதற்கு மறுநாள் அவள் முந்திக்கொண்டாள். இப்படியே போட்டி போட்டுப் போட்டு, ஊரில் பால் வண்டி கிளம்புவதற்கு முன்பே இரண்டு பேரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தூங்குகிறீர்களா இல்லையா என்று இரண்டு பேரையும் கேட்டார்.

டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தான் அவருக்குப் 'பந்து டாக்டர்' என்று பேர் வைத்திருந்தார், எப்போதும் ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வதால். பந்துக்கு அப்புறம் காலி கப். காலி கப்புக்கு அப்புறம் அடியில் கொஞ்சம் தண்ணீர். பிறகு கால் கப், அரை கப். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அத்தான் நடப்பார். முழங்காலைத் தளர்த்தி, தரையைப் பார்க்காமல், கண்ணாடி தூக்குகிறவர் நடையில் நடப்பார். அக்கா ஒரு கையில் துடைக்கும் துணியோடு, இன்னொரு கையை அவர் முழங்கைக்கு அடியில் தாங்கினாற்போல் வைத்துக்கொண்டு கூடவே போவாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சிந்தியது.

ஒருநாள் அத்தானுக்குக் காது சிவந்தது. நடுக்கூடத்தில் நின்றுவிட்டார்.

"கைய எடு."

"விழுந்துடுவீங்க."

"கைய எடும்மா. நீ தொடறப்பதான் சிந்துது."

அக்கா டாக்டரைப் பார்த்தாள், அவர் தன் பக்கம் பேசுவார் என்று. அவர் தயங்கிவிட்டு, ஆமாம், நீங்கள் தொட்டதும் அவருடைய தோள் உங்கள் பக்கம் சாய்கிறது என்றார். அக்கா துணியை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவருக்கு டீ குடுக்கணும்னு இலக்கு. என் இலக்க யாராவது கேட்டாங்களா? அவர் மறுபடி கீழ விழுந்து நான் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நான் எழுதும் பாத்திரமாக இருந்திருந்தால் ஏதாவது பழமொழி சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரே வந்தார். அக்காவுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கேள்வியைத்தான் கேட்டார். அவர் டீ கொண்டுவரும் காலையில் நீங்கள் கண்ணை மூடிப் படுத்தே இருக்க முடியுமா, அதை உங்கள் இலக்காக வைத்துக்கொள்ள முடியுமா என்று. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு என்னை மலை ஏறச் சொல்லியிருக்கலாம் டாக்டர்."

அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையில் இலக்கு ஒன்று இல்லை, இரண்டு என்று எனக்கு உறைத்தது. ஒருவர் நடக்க வேண்டும், இன்னொருவர் எழாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

5

அதற்கப்புறம் பல வாரங்கள் பயிற்சி நடந்தது. அதை எழுத மாட்டேன். ஒரு மனிதர் தண்ணீர்க் கப்போடு நடந்ததையே பக்கம் பக்கமாக எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நாங்களே சில நாள் அலுத்துப்போய்ப் பந்தை எறிந்து விளையாடினோம். முழு கப் தண்ணீரோடு கூடத்தைக் கடந்த அன்று அத்தான் டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார், அவர் பதிலுக்குப் பந்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆனால் கூடத்தில் நிலைப்படி கிடையாது. தண்ணீர் சுடவும் சுடாது.

6

இப்போது அந்தக் காலை.

நான் முன்தினம் அங்கே தங்கியிருந்தேன். அக்கா வீடு சின்னது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கூடம், கூடத்தில் சோபா, சோபாவில் நான். எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம். டப்பா மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டு, உருண்டு, நின்றது. படுக்கையறையில் கட்டில் கிறீச்சென்றது. பிறகு அமைதி. பிறகு குறட்டை.

அக்கா குறட்டை விடுவாள்தான். ஆனால் இவ்வளவு ஒழுங்காக விட மாட்டாள். மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, அளவெடுத்தாற்போல் ஒரு குறட்டை. அவள் போர்வைக்குள் இரண்டு கைகளாலும் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பார்க்காமலேயே தெரிந்தது.

சமையலறை வாசலில் அத்தான் வந்து நின்றார். வலது கையில் கப். கப் நிறைய டீ. ஆவி பறந்தது. இடது கை சுவரில். அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த கதவைப் பார்த்தார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்:

"கண்ணாடி."

உள்ளே குறட்டை ஒரு கணம் தடுக்கி, மறுபடி ஆரம்பித்தது.

நான் கால்களைச் சோபாவின் மேல் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைக் கடந்து போனார். கப்பின் விளிம்பில் டீ இந்தப் பக்கம் ஏறியது, அந்தப் பக்கம் ஏறியது. பாதி வழியில் வலது கால் கொஞ்சம் இழுத்தது. என் கைகள் தாமாக எழுந்தன. அவற்றை என் தொடைகளுக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன், சத்தியமாக. சோபாவிலிருந்து கதவு வரை இருந்த அந்தச் சின்னத் தரையைப் போல நீளமான இடத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

படுக்கையறைக் கதவுக்கு ஒரு நிலைப்படி உண்டு. விரல் உயரம்தான். வீட்டில் எல்லாரும் எப்போதாவது அதில் இடித்துக்கொண்டவர்கள். அத்தான் அதன் முன்னால் நின்றார். கப் நடுங்கியது. இடது கையைச் சுவரிலிருந்து எடுத்துக் கதவு நிலைக்கு மாற்றினார். வலது காலைத் தூக்கினார்.

7

இங்கே நிறுத்திவிட்டுச் சில முடிவுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

அ. கால் தாண்டுகிறது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அக்கா கண்ணைத் திறக்கிறாள், கண்ணீர், பின்னால் வயலின். (இதை எழுதினால் அத்தானே சிரிப்பார்.)

ஆ. கால் இடறுகிறது. கப் உடைகிறது. அக்கா பாய்ந்து வந்து தாங்குகிறாள். 'தோல்வியே வெற்றிக்கு' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம். (ஆரம்பித்த இடத்திலேயே நிற்கட்டும்.)

இ. அவர் உள்ளே போகிறார், கட்டிலில் யாரும் இல்லை, அக்கா எப்போதோ இறந்துவிட்டாள். இதைச் சொன்னவர் என்னோடு எழுதும் ஒரு நண்பர். திருப்பம் வேண்டுமாம். அவரோடு இப்போது பேசுவதில்லை.

நடந்தது என்ன என்று என்னையே கேட்கிறீர்களா? கதவு பாதி சாத்தியிருந்தது. எனக்கு அவருடைய முதுகு தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. பின்னால் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். அத்தான், சிந்தவே இல்லை என்றார், கேட்ட கேள்வியிலேயே அவமானப்பட்டவர் போல. அக்கா, நான்தான் கண்ணை மூடியிருந்தேனே, எனக்கு என்ன தெரியும் என்றாள். மத்தியானம் கொடியில் அவர்களுடைய படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அது துவைக்கிற நாள்தான் என்று அக்கா அடித்துச் சொன்னாள். பந்து டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

எட்டிப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். இரண்டே எட்டு. அப்போது எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நிலைப்படியில் அவர் கால் அந்தரத்தில் இருந்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எழுதுகிறவளின் கையும் கைதான். நான் நடுவில் புகுந்து அந்தக் கப்பைப் பிடித்து, சிந்தாமல், நிறைய, கட்டில் வரை கொண்டுபோய் வைத்துவிடலாம். ஒரு வரி போதும். அப்படி வைத்தால் அது நான் வைத்த கப். அவர் கேட்டது அது இல்லை.

ஆகவே கப்பில் எவ்வளவு டீ இருந்தது என்பதை நான் எழுதவில்லை. அதை நீங்கள் ஊற்றிக்கொள்ளுங்கள். கையை மட்டும் கொடுக்காதீர்கள்.

இந்தக் கதையை எனக்குக் கொடுத்ததற்காக அவர்கள் இருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஊதிக் கொடுத்த டீக்கும் சேர்த்து, அக்கா, இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: நன்றி. என் இழுப்பறையில் கதவைத் தட்டிவிட்டு நிற்பவர்களில் ஒருவர் முதல் தடவையாக உள்ளே போய்விட்டார். அது உங்களால்.

கடைசியாக, நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். சோபாவில், கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டது. ஒரு கால் உள்ளே வைக்கப்படும் சத்தம். இன்னொரு கால், இழுத்துக்கொண்டு. குறட்டை எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மரப்பலகையின் மேல் கப் வைக்கப்படும் சத்தம். உறிஞ்சும் சத்தம் ஒன்று.

"சக்கர கம்மி."

மூக்கடைத்த குரல் அது. அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குப் போட்டுடலாம்."